தோட்டப் பண்பாடும் தமிழர் அரசியலும்

அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆட்சி மேலிருந்து கீழே இறங்குகிறது; மக்கள் அதன் போக்கிற்கேற்ப நடக்கின்றனர் என்பது அதன் பொருள். குடிகளே வாக்களித்து ஆட்சியை அமைக்கும் இக்காலத்தில் அப்பழமொழியைத் திருப்பியும் பார்க்க வேண்டியிருக்கிறது. குடிகள் எவ்வழியோ, ஆட்சியும் அவ்வழிதானா? மக்களின் பழக்கமும் நம்பிக்கையும் அவர்கள் அமைத்துக்கொள்ளும் அரசியலை எந்த அளவுக்கு உருவாக்குகின்றன? இவ்வினாவுக்கு விடை தேட ஏதென்சுக்கும் ரோமாபுரிக்கும் போக வேண்டுவதில்லை. மலாக்கா மாநிலத்தின் வடமேற்கே, கடலோரத்துக் கோலா சுங்கை பாருவையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் உற்று நோக்கினாலே போதும்.

பண்பாடு என்னும் சொல் தமிழில் பழமையானதன்று. அதனை இன்றைய பொருளில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்பர். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் கோலமும் பரதமும் பொங்கற்பானையுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவையும் பண்பாட்டில் அடங்குவனவே. ஆயினும் அரசியலோடு தொடர்புடைய பண்பாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. யார் முன் எழுந்து நிற்பது, யார் சொன்னால் கேட்பது, வழக்கு வந்தால் யாரிடம் போவது, எதைப் பொறுத்துக்கொள்வது, எதை மானக்கேடாகக் கருதுவது என்பன போன்ற எழுதப்படாத விதிகளே அவை. அமெரிக்க அறிஞர்களாகிய கேப்ரியல் ஆல்மண்டும் சிட்னி வெர்பாவும் ஐந்து நாடுகளில் மக்களை நேரிற் கண்டு வினவி 1963-இல் ஒரு நூல் வெளியிட்டனர். தன் ஊருக்கு அப்பால் அரசு ஒன்று இருப்பதையே பொருட்படுத்தாதவன், அரசுக்கு அடங்கி நடப்பவன், அரசில் தனக்கும் பங்குண்டு என்று எண்ணுபவன் என மூவகை மனப்போக்குகளை அவர்கள் கண்டனர். இவ்வகைப்பாட்டைக் குறை கூறியவர்களும் உண்டு. மக்களின் மனப்போக்கு அரசை ஆக்குவதுபோலவே அரசும் மக்களின் மனப்போக்கை ஆக்குகிறதே என்பது அவர்களது மறுப்பு. அம்மறுப்பு எத்துணை நியாயமானது என்பதை நம் தோட்டங்களின் கதையே காட்டும்.

முதலில் மலாக்காவின் பழைய துறைமுகத்தை நோக்குவோம். பதினைந்தாம் நூற்றாண்டின் சுல்தான்கள் வணிகர்களை ஆள நான்கு ஷாபந்தர்களை அமர்த்தியிருந்தனர். குஜராத்தியர்க்கு ஒருவர், கிலிங்கர் எனப்பட்ட சோழமண்டலக் கரையினர்க்கும் வங்காளம், பெகு, பாசை வணிகர்க்கும் ஒருவர், சாவகம் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர் முதலியோர்க்கு ஒருவர். கப்பலில் வந்தவன் அரசனை நேரே காண்பதில்லை. தன் இனத்துத் தலைவனைக் காண்பான். தலைவன் அரசனைக் காண்பான். 1511-இல் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றியபோதும் இம்முறை அழியவில்லை. தமக்கு உதவிய நைனா செட்டு என்னும் தமிழ் வணிகரை முஸ்லிம் அல்லாத மக்களுக்குப் பெண்டகாராவாக அல்புகர்க் அமர்த்தினார். பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ‘கப்பித்தான்’ என்ற பெயரால் இதையே பின்பற்றினர். கொடிகள் மாறின, ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வாய் என்ற வழக்கம் நிலைத்தது. இந்நாட்டுக் கட்சிகள் இன அடிப்படையில் எழுந்தமைக்குக் காரணம் கூறுவோர் பெரும்பாலும் ஆங்கிலேயரின் சூழ்ச்சியோடு நின்றுவிடுகின்றனர். வேர் அதனினும் ஆழமானது.

அத்துறைமுக வணிகர் வழிவந்தோரே மலாக்காச் சிட்டிகள். அவர்கள் பேசுவது மலாய், உடுப்பும் உணவும் பெரிதும் மலாய் வழியின, வழிபாடோ சைவம். துக்காங் எமாஸ் சாலையிலுள்ள பொய்யாத விநாயகர் ஆலயம், டச்சு அரசு சிட்டியர் தலைவர் தைவநாயகம் சிட்டிக்கு வழங்கிய நிலத்தில் 1781-இல் எழுந்தது. மொழியை இழந்தும் கோயிலை இழக்காத மக்கள் அவர்கள். அவர்களது பொதுவாழ்வு கஜா பெராங் சிற்றூரையும் கோயில் உரிமைகளையும் சுற்றியே நடந்தது. தமிழ்ப்பள்ளிக்காகவோ தொழிற்சங்கத்துக்காகவோ போராட வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. ஒரே கரையிலிருந்து வந்த இரு கூட்டத்தார் ஒரே மாநிலத்தில் இருவேறு அரசியல் வாழ்வு வாழ்ந்ததை நோக்கும்போது, குருதி அரசியலைத் தீர்மானிப்பதில்லை என்பது தெளிவாகிறது.

தோட்டத் தமிழரின் கதை வேறு. 1896-இல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் பெருகிய தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுற்றது. கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தோட்டத்தின் பணத்தையும் உரிமச்சீட்டையும் பெற்றுத் தன் சொந்த ஊருக்குச் செல்வார். உறவினரையும் அண்டை அயலாரையும் பெரும்பாலும் தம் சாதியாரையும் அழைத்து வருவார். தோட்டத்திலும் அவர்கள் அவர் கீழேயே வேலை செய்தனர். பெரட்டில் நின்ற ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு காசு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் படுத்துவிட்டால் காசு இல்லை. ஆள் வேறு தோட்டத்துக்கு ஓடிவிட்டால் காசு அடியோடு போயிற்று. ஆகவே கடன் கொடுப்பவரும் கங்காணியே, கண்டிப்பவரும் கங்காணியே. திருமணத்தை முடித்து வைப்பதும், லயத்துச் சண்டையைத் தீர்ப்பதும், மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதை பெறுவதும் அவரே. துரையிடம் பேசும் வாயும் அவருடையதே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியவர் சொல்லுக்கு அடங்கும் இயல்பு தமிழரின் இரத்தத்தில் ஊறியது என்று தோட்டத்துரைமார் எழுதியும் பேசியும் வந்தனர். நம்மவருள்ளும் அதனை நம்பியவர் உண்டு. உண்மை அவ்வளவு எளியதன்று. உறவும் ஊரும் முதல் மரியாதையும் கிராமத்திலிருந்து வந்தவைதாம். ஆயின் தஞ்சைக் கிராமத்தில் ஒரே ஆள் மாமனாகவும் கடன்காரனாகவும் மேலாளாகவும் நாட்டாண்மையாகவும் இருப்பது அரிது. தோட்டமே அந்நான்கையும் ஒருவரிடம் குவித்தது. குவித்துவிட்டு அதற்குத் தமிழர் பண்பாடு என்று பெயரும் இட்டது. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து நிலைமையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், கங்காணி வழி ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வையே தடை செய்தபோது அம்முறை முடிவுற்றது. முறை போயிற்று, அது பழக்கிய மனம் அவ்வளவு விரைவில் போகவில்லை.

அம்மனத்தை அசைத்தவை எவை? பள்ளியும் பத்திரிகையும் என்று கூறுவது மிகையாகாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நடந்த பள்ளிகளின் தரம் எத்தகையது என்பது பலரும் அறிந்ததே. கொட்டகையே வகுப்பறை, சில இடங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியர். ஆயினும் எழுத்தறிந்த ஒருவர் லயத்தருகே இருந்தார் என்பதே பெரிய மாறுதல். 1924-இல் ‘தமிழ் நேசன்’ தொடங்கியது, 1935-இல் கோ. சாரங்கபாணியாரின் ‘தமிழ் முரசு’ வந்தது. மாலை நேரத்தில் ஆசிரியர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் சூழ அமர்ந்து கேட்டனர். கங்காணி கூறாத செய்தி தோட்டத்துக்குள் நுழைந்த வழி அதுவே. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அவர் கடவுளைப் பற்றிக் கூறியதைத் தோட்டமக்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. மாரியம்மன் கோயில் ஒன்றும் மூடப்படவில்லை. மானத்தைப் பற்றிக் கூறியதை ஏற்றனர். இதுவும் எண்ணத்தக்கது. ஒரு சமுதாயம் தனக்கு வரும் கொள்கையை முழுதாக விழுங்குவதில்லை. தன் பசிக்கு ஏற்றதை எடுத்துக்கொள்கிறது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் இதற்குச் சிறந்த சான்று. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி கேட்டனர், நியாயமே. மருத்துவமும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கேட்டனர். பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும் என்றனர். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள்; தங்கள் குடிசைக்கு வரும் உற்றார் உறவினரைத் தடுக்கக்கூடாது என்றார்கள். இவற்றோடு மற்றொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ பெரிய ஊழியரோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்! கூலிக் கணக்கில் இதற்கு ஒரு காசு மதிப்பும் இல்லை. பொருளாதாரத்தை மட்டும் கொண்டு அரசியலை விளக்குவோர் இக்கோரிக்கையின் முன் திகைத்து நிற்பர். காலில் செம்மண் ஒட்ட இறங்கி நின்ற ஒவ்வொரு முறையும் அவன் உள்ளத்தில் எழுதப்பட்ட கணக்கு அது. இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; படை வந்தது; சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். ஓராண்டு முடியுமுன் அந்தத் துரைமாரே ஜப்பானியரின் சிறைமுகாம்களில் வரிசையில் நின்றனர்.

ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் பல்லாயிரவர். நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களும் பலர். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். அணிவகுப்பும் கட்டளையும் பழகிய அவர்கள் 1945-க்குப் பின் மீண்டும் பெரட்டுக்கு வந்து நின்றபோது பழைய ஆட்களாக இல்லை. கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அது முதலில் கை வைத்தது கூலியின் மீதன்று, கள்ளின் மீது. குடித்துவிட்டு வந்தவனைத் தடுத்தனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். படிப்பும் ஒழுக்கமும் கற்பித்தனர். கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே சட்டப்படி நடந்த ஒன்று என்பதை நினைவிற் கொண்டால், ஒழுக்கச் சீர்திருத்தம் எவ்வாறு ஒரே இரவில் அரசியல் கிளர்ச்சியாயிற்று என்பது விளங்கும். 1947-இல் காவற்படை அவ்வியக்கத்தை ஒடுக்கிற்று.

அடுத்த அடி இன்னும் கடுமையானது. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். வீரசேனன் அதே நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு விரும்பியது கட்சி சாராத தொழிற்சங்கம். 1954-இல் சங்கங்கள் பல இணைந்து பி. பி. நாராயணன் வழிகாட்டலில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அது கூலி பேசியது. கட்சி அரசியலில் இறங்கவில்லை.

இவ்விடத்தில் இலங்கை மலையகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அங்கும் கங்காணி, அங்கும் லயம், அங்கும் மாரியம்மன். அங்கோ சங்கமும் கட்சியும் ஒன்றாகவே வளர்ந்தன. 1947-இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது, எஸ். தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. வாக்கு இல்லாத மக்களுக்குச் சங்கமே நாடாளுமன்றம் ஆயிற்று. தோட்டத் தலைவரின் சொல்லே சட்டமாயிற்று. அவர்களுட் பலர் குடியுரிமை பெற 1988-ஆம், 2003-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரே விதை, இரண்டு மண். பண்பாடு ஒன்றே அரசியலைத் தீர்மானிக்குமாயின் இவ்விரு நாடுகளிலும் ஒரே அரசியல் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சட்டமும் துப்பாக்கியும் கைதியின் கயிறும் சேர்ந்தே பண்பாட்டுக்கு வழி காட்டின அல்லது வழி அடைத்தன.

மலாயாவில் அடைபட்ட வழி கட்சியின் பக்கம் திரும்பிற்று. 1946-இல் ஜோன் திவியின் தலைமையில் தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரஸ் முதல் எட்டு ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்ற நகரத்தாரின் கட்சியாகவே இருந்தது. 1954-இல் அது கூட்டணியில் சேர்ந்தது, 1955-இல் வீ. தி. சம்பந்தன் தலைவரானார். அவர் காலத்தில்தான் ம.இ.கா. தமிழ் பேசத் தொடங்கிற்று. வேட்டியும் மாலையும் மேடைக்கு வந்தன; தோட்டக் கோயிலும் பள்ளியும் கிளையின் அடித்தளமாயின. 1956 பிப்ரவரி 20-ஆம் நாள் மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரகுமான் விடுதலை நாளை அறிவித்தார். பழைய ஷாபந்தர்களின் நகரில், ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கட்சி என்ற அமைப்பின் தலைவர் அதனை அறிவித்தது பொருத்தமே எனலாம்.

கிளைத்தலைவருக்கும் கங்காணிக்கும் உள்ள ஒற்றுமையைப் பலரும் எள்ளி நகையாடியுள்ளனர். அடையாள அட்டைக்கும், பள்ளிக்கூரைக்கும், பிள்ளையின் மேற்படிப்புக்கும் மனுவை எடுத்துக்கொண்டு ஒருவரிடமே போவது. அவர் மேலே பேசுவது. அதற்கு ஈடாக வாக்கை அவர் கையில் ஒப்படைப்பது. நகையாடுவது எளிது. மலாயும் ஆங்கிலமும் அறியாத ஒரு தாய் வேறு எந்த வாயிலைத் தட்டியிருக்க முடியும் என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. அப்பழக்கத்தில் தீமை மட்டுமே இருந்ததென்பதும் பிழை. ஐம்பதுகளில் வெள்ளையர் தோட்டங்களை விற்றுச் செல்ல, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்க, லயங்கள் காலியாயின. அப்போது சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரின் பங்குப்பணத்தைத் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கிற்று. பால்வெட்டிய கை தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆயிற்று. தலைவர்மேல் வைத்த நம்பிக்கை இன்றி அப்பணம் சேர்ந்திராது.

அதே நம்பிக்கைதான் 1982-இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்திலும் பணத்தைக் கொண்டு சேர்த்தது. 60,000-க்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கினர். நகையை அடகு வைத்து வாங்கியவரும் உண்டு. எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. பல்லாண்டுகள் மனவருத்தமும் வழக்கும் வாதமுமாய்க் கழிந்தன. இரண்டிலும் கொடுத்தவர்களின் மனம் ஒன்றே. வேறுபட்டது எது? கூட்டுறவுச் சங்கத்தில் ஆளுக்கொரு வாக்கு. நிறுவனத்தில் பங்குக்கொரு வாக்கு. நம்பிக்கை பண்பாட்டிலிருந்து வருகிறது. கணக்குக் கேட்கும் உரிமை விதியிலிருந்து வருகிறது. பின்னது இல்லாத இடத்தில் முன்னது எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு இடர்.

எழுபதுகளுக்குப் பின் செம்பனை வந்தது. கோலா சுங்கை பாரு வட்டாரத்திலும் மஸ்ஜித் தானாவைச் சுற்றியும் பால்மரம் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. வேலைக்கு வெளிநாட்டார் வந்தனர். லயத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் போயினர். தோட்டம் கலைந்தபோது வீடு போயிற்று. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தனர். கோயில் மட்டும் நின்ற இடத்தில் நின்றது, பிறர் நிலத்தில். தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட கோயில் சட்டத்தின் கண்ணில் அனுமதியற்ற கட்டடம் ஆயிற்று. 2007 அக்டோபர் இறுதியில் ஷா ஆலம் வட்டாரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25-ஆம் நாள் இண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரவர் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டனர். அவர்களுட் பலர் அதற்குமுன் எந்த ஊர்வலத்திலும் கலந்தவரல்லர். வேலையின்மையும் வறுமையும் வெகுநாளாக இருந்தவை. அவற்றுக்காக அவர்கள் தெருவுக்கு வரவில்லை. மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்த தாத்தாவின் பேரன் கோயிலுக்காக வந்தான். 2008 மார்ச் 8-ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில் ம.இ.கா.வின் நாடாளுமன்ற இடங்கள் ஒன்பதிலிருந்து மூன்றாயின. 1974 முதல் சுங்கை சிப்புட்டை வைத்திருந்த ச. சாமிவேலு தோற்றார்.

தலைவருக்கு வாக்கை ஒப்படைக்கும் பழக்கம் அன்றோடு ஒழிந்ததா? அலோர் காஜா மாவட்டத்துக் காடெக் சட்டமன்றத் தொகுதியைப் பார்த்தால் அவ்வாறு சொல்ல முடியாது. ஒழியவில்லை என்றும் சொல்ல முடியாது. 2018-இல் அங்கு ஜனநாயகச் செயல் கட்சி வென்றது, 2021-இல் ம.இ.கா. அதனைத் திரும்பப் பெற்றது. வாக்காளர் இப்போது கொடுத்துப் பார்க்கின்றனர், எடுத்தும் பார்க்கின்றனர். கங்காணி காலத்தில் எடுத்துப் பார்க்க ஒரே வழி இருந்தது. இரவோடிரவாக மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு ஓடுவது.

ஆராய்ச்சியாளர் அதிகம் நோக்காத ஓரிடமும் உண்டு. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள். கோயிலை 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிந்திருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். நிருவாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும். முதல் மரியாதை பழைய கங்காணியின் குடும்பத்துக்கே என்ற வழக்கும், தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு என்ற விதியும் அங்கே ஒரே கூரையின் கீழ் சந்திக்கின்றன. பெரும்பாலான ஆண்டுகளில் பெரியவர் பெயரை ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, கைதட்டலோடு வேலை முடிந்துவிடும். சில ஆண்டுகளில் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ எழுந்து, பந்தல் செலவுக்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டுவிடுகின்றனர். கூட்டத்தில் முணுமுணுப்பு எழும். பெரியவர் முகம் சுருங்கும். செயலாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்குவார்.